26/11 (2008 நவம்பர் 26 தீவிரவாதத் தாக்குதல்) சமயத்தில் மும்பையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: நகரம் மறுநாளே எழுந்து நின்றது உண்மையா?

10 ஏப்ரல் 2025, இரவு (கேள்வி)

அந்தத் தாக்குதலுக்கு உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட தஹாவூர் ராணாவை அமெரிக்காவிலிருந்து தனி விமானத்தில் டில்லிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். டிவி பார்த்த அப்பா, "அதுக்குள்ள பதினாறு வருஷம் ஆயிடுச்சா!" என்றார். அப்போது நான் ஆறாம் வகுப்பு, திருச்சி. மழைக்கு ஸ்கூல் லீவு. சனிக்கிழமை காலை வரை டிவி முன்னால்தான் இருந்தோம். தாஜ் ஹோட்டல் கோபுரத்திலிருந்து புகை வந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்போது மும்பையில் இருந்த தமிழர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? எங்கே இருந்தீர்கள், என்ன பார்த்தீர்கள்? இவ்வளவு நடந்தும் மறுநாளே மக்கள் ரயில் ஏறி வேலைக்குப் போனார்களே, உலகத்தில் வேறு எந்த ஊருக்கும் அந்தத் தைரியம் வராது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் வரலாம்.

11 ஏப்ரல், காலை (பதில்)

வந்துவிட்டேன். மறுக்கிறேன்.

வேலைக்குப் போனோம், அது உண்மை. நான் போனது வெள்ளிக்கிழமை. போனதற்குக் காரணம் தைரியம் இல்லை. ஒரு கப்பலுக்கு கட்-ஆஃப், அதாவது சரக்கை ஒப்படைக்கக் கடைசி நேரம், இருந்தது. ஃபோர்ட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டாக்குமெண்ட் வேலை பார்த்தேன். ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான சுங்கப் பத்திரம்) போகவில்லை என்றால் கண்டெய்னர் துறைமுகத்தில் கிடக்கும், டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும், பார்ட்டி கத்துவான், முதலாளி எங்களைக் கத்துவார். தீவிரவாதிகள் உள்ளே இருக்கிறார்கள் என்பதற்காகக் கப்பல் காத்திருக்காது. வியாழக்கிழமை வராததற்கு அரை நாள் சம்பளம் பிடித்தார்கள். ராத்திரி முழுக்க அதே ஆபீஸில் மாட்டிக்கொண்டு காலையில்தான் வீட்டுக்குப் போனேன் என்பது அவர்கள் கணக்கில் வரவில்லை.

இதுதான் நீங்கள் சொல்லும் எழுந்து நின்ற மும்பை. மீதியை ராத்திரி எழுதுகிறேன், இப்போது ரயில் பிடிக்க வேண்டும்.

11 ஏப்ரல், இரவு

புதன்கிழமை. மாதக் கடைசி, வேலை இழுத்துக்கொண்டே போனது. ஆபீஸ் வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) ஸ்டேஷனுக்கும் தலைமைத் தபால் நிலையமான ஜி.பி.ஓ.வுக்கும் பின்னால் ஃபோர்ட் சந்துக்குள், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. (ஸ்டேஷன் பெயர் சி.எஸ்.டி. ஆகி, இப்போது சி.எஸ்.எம்.டி.யும் ஆகிவிட்டது. என் வாயில் வி.டி.தான் வரும், மன்னிக்கவும்.) நான், குஜராத்தி அக்கவுண்டண்ட், ரத்னகிரிக்காரரான பியூன் காகா, இன்னும் இரண்டு பேர். ஒரு பி.எல். (கப்பல் சரக்கு ரசீது) காப்பிக்காகக் காத்திருந்தோம். அது வந்ததும் கிளம்பி, ஹார்பர் லைனில் ஏறி ஜி.டி.பி. நகரில் இறங்கினால் சயான் கோலிவாடாவில் வீடு. வழக்கம் அதுதான்.

பத்து மணிக்குச் சற்று முன்னால் சத்தம் கேட்டது. அன்று கட்டாக்கில் இங்கிலாந்தோடு ஒரு நாள் போட்டி, நாம் ஜெயித்துவிட்டோம். அக்கவுண்டண்ட், "மேட்ச் பட்டாசு" என்றார். கல்யாண ஊர்வலம் என்றார் இன்னொருவர். அன்று ராத்திரி தென் மும்பையில் எத்தனையோ பேர் இப்படித்தான் நினைத்திருக்கிறார்கள், பிறகு படித்தேன். காகா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். சந்தில் ஆட்கள் ஸ்டேஷன் பக்கமிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார்கள். பட்டாசுக்கு யாரும் அப்படி ஓடுவதில்லை. கீழே ஷட்டரை இறக்கி, விளக்கை அணைத்து, தரையில் உட்கார்ந்தோம்.

எங்கள் ஆபீஸில் டிவி கிடையாது. கூப்பிடு தூரத்தில் என்ன நடக்கிறது என்பது எங்களுக்குத் தெரிந்தது தூரத்துப் புறநகரான டோம்பிவிலியிலிருந்து. அக்கவுண்டண்டின் மனைவி அங்கே டிவி பார்த்து, போன் கிடைத்த போதெல்லாம் சொன்னார். வி.டி.யில் சுடுகிறார்கள். லியோபோல்ட் கஃபேயில் சுட்டார்கள். தாஜுக்குள் போய்விட்டார்கள். காமா ஆஸ்பத்திரி. மெட்ரோ தியேட்டர் பக்கம். விலே பார்லேயில் ஒரு டாக்ஸி வெடித்தது. வாடி பந்தரில் இன்னொன்று. பாதி வாக்கியத்தில் லைன் போகும். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று கேட்டால் ஒவ்வொரு போனுக்கும் ஒரு எண்ணிக்கை. மொத்தமே பத்துப் பேர் என்பதை நம்புவதற்கு எனக்கு வெகுநாள் ஆனது. ஊரையே வளைத்துவிட்டார்கள் என்றுதான் இருட்டில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தோம்.

12 ஏப்ரல்

"உங்களுக்குப் பயமாக இல்லையா மேடம்" என்று கேட்டவருக்கு: முதலில் அந்த மேடத்தை எடுங்கள். அக்கா போதும்.

பயம் இருந்தது. அதைவிட, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பாத்ரூம் பிரச்சினை பெரிதாக இருந்தது. எங்கள் மாடியில் கழிப்பறை கிடையாது. பொதுக் கழிப்பறை கீழ்த்தளத்தில், ஷட்டருக்கு வெளியே. ஐந்து பேரில் நான் ஒருத்திதான் பெண். அந்த ராத்திரியை நினைத்தால் ஏ.கே. 47-க்கு முன்னால் அதுதான் ஞாபகம் வருகிறது. எந்த சேனலும் இதைப் பற்றிப் பேசாது.

13 ஏப்ரல்

டோம்பிவிலியிலிருந்து ஒரு அண்ணன் இங்கே எழுதியிருப்பதைப் பார்த்தேன். கர்கரே, காம்டே, சலஸ்கர் மூன்று போலீஸ் அதிகாரிகளும் வி.டி.யில் இறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வி.டி.யில் இல்லை. காமா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், ரங்பவன் சந்தில், ஜீப்பில் போகும்போது. ஸ்டேஷனில் சுட்ட கசாபும் கூட்டாளியும் வி.டி.யை விட்டு நடைமேம்பாலம் ஏறிக் காமா பக்கம் போய், அங்கிருந்து அந்தச் சந்துக்கு வந்தார்கள். அதே போலீஸ் ஜீப்பை எடுத்துக்கொண்டு மெட்ரோ பக்கம் போய், பிறகு ஒரு ஸ்கோடா காரைப் பிடுங்கி, கிர்காவ் சௌபாத்தியில் மாட்டினார்கள். அங்கே போலீஸ்காரர் துக்காராம் ஓம்ப்ளே வெறும் லத்தியோடு போய்த் துப்பாக்கிக் குழலைக் கையால் பிடித்தார். குண்டெல்லாம் அவர் உடம்பில் இறங்கியது. கசாபை உயிரோடு பிடிக்க முடிந்தது அவரால்தான். இறந்த பிறகு அசோக சக்ரா கொடுத்தார்கள்.

நீங்கள் மற்றதெல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். முலுண்டில் கடைசி லோக்கல் நின்றுபோனதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். அந்தக் கூட்டத்திலும் சீட்டு ஆடினீர்களா!

14 ஏப்ரல்

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். வேப்பம்பூப் பச்சடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நல்ல நாளில் இதை எழுத வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தாஜ் புகை ஞாபகம் இருக்கிறது. எல்லாருக்கும் அதுதான் ஞாபகம். அந்த மூன்று நாளில் இறந்த 166 பேரில் 58 பேர் வி.டி.யில் இறந்தவர்கள். வேறு எந்த ஒரு இடத்திலும் இவ்வளவு பேர் சாகவில்லை. கேமரா வந்து நிற்பதற்குள் அங்கே முடிந்துவிட்டது. தாஜில் சனிக்கிழமை காலை வரை நடந்தது, கேமராவும் சனிக்கிழமை வரை அங்கேயே நின்றது. வி.டி.க்குக் கிடைத்தது ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் எடுத்த படம், கசாப் பையை மாட்டிக்கொண்டு துப்பாக்கியோடு நடக்கும் அந்தப் படம். அதிலும் கொன்றவன் முகம்தான் இருக்கிறது.

அந்த ஸ்டேஷனில் இரண்டு பக்கம் உண்டு. லோக்கல் பக்கம் ஒன்று, வெளியூர் ரயில் பக்கம் ஒன்று. வெளியூர் ஹாலில் எப்போது போனாலும் குடும்பம் குடும்பமாகத் தரையில் துணி விரித்து, மூட்டையில் தலை வைத்துப் படுத்திருப்பார்கள். உ.பி., பீகார்க்காரர்கள் நிறைய. நம்மவர்களும் உண்டு, ராத்திரி சென்னை மெயிலுக்குச் சாயங்காலமே வந்து இடம் பிடிப்பவர்கள். நானும் லீவுக்கு ஊருக்குப் போகும்போது அந்தத் தரையில் உட்கார்ந்து எலுமிச்சம்பழ சாதம் சாப்பிட்டிருக்கிறேன். சுட்டது அந்த ஹாலில். ஓடுவதற்கு முதலில் எழுந்திருக்க வேண்டுமே. குழந்தையை எடுக்க வேண்டும், பெட்டியைப் பார்க்க வேண்டும்.

லோக்கல் பக்கம் அவ்வளவு பேர் சாகாததற்கு ஒரு காரணம் விஷ்ணு ஜெண்டே. ரயில்வே அறிவிப்பாளர். மாடியில் கண்ணாடி அறைக்குள் இருந்து பார்த்திருக்கிறார். யாரும் மெயின் பக்கம் வராதீர்கள், பின்வாசல் வழியாக வெளியே போங்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். வந்து நின்ற லோக்கல்களிலிருந்து இறங்கிய கூட்டம் அப்படியே திரும்பிப் போனது. அந்த அறையை நோக்கியும் சுட்டார்கள். தினமும் சாயங்காலம் பன்வேல் லோக்கல் எந்தப் பிளாட்ஃபாரம் என்று அந்த மாடத்திலிருந்து வரும் குரலைக் கேட்டுத்தான் ஓடுவேன், அது யார் குரல் என்று யோசித்ததே இல்லை. பேப்பரில் அவர் படம் வந்தபோதுதான் அதற்கு ஒரு முகம் கிடைத்தது.

14 ஏப்ரல், பிற்பகல்

இன்னொருவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காமா ஆஸ்பத்திரி நர்ஸ் அஞ்சலி குல்தே. சுட்டுக்கொண்டே மாடி ஏறுகிறார்கள் என்று தெரிந்ததும், பிரசவ வார்டில் இருந்த 20 கர்ப்பிணிகளை ஒரு சின்ன சமையல் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். பிறகு கோர்ட்டில் கசாபை அடையாளம் காட்டப் போனபோது நர்ஸ் யூனிஃபார்மிலேயே போனார்.

தைரியம் என்று பேச வேண்டுமானால் இவர்களைப் பற்றிப் பேசுங்கள். ரயில் ஏறிய என்னைப் பற்றி வேண்டாம்.

16 ஏப்ரல்

கேள்வி கேட்ட தம்பி கோபப்பட்டிருக்கிறார். "நீங்கள் உங்கள் ஊரையே இறக்கிப் பேசுகிறீர்கள்" என்கிறார். இல்லை தம்பி. 1993 தொடர் குண்டுவெடிப்பில் 257 பேர் செத்தார்கள், மறுநாள் மும்பையைப் பாராட்டினார்கள். 2006 ஜூலையில் வெஸ்டர்ன் லைன் லோக்கல் ரயில்களில் 11 நிமிடத்தில் ஏழு குண்டு வெடித்தது, மறுநாளும் அதே பாராட்டு. பாராட்டிவிட்டால் அடுத்து யாரும் எதுவும் செய்ய வேண்டாம் பாருங்கள். 2008-இல்தான் முதல்முறையாக அந்தப் பாராட்டு ஜனங்களுக்கே கசந்தது. டிசம்பர் 3 அன்று தாஜுக்கு எதிரே கேட்வே ஆஃப் இந்தியாவில் அவ்வளவு கூட்டம் கூடியது. மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றும் கூட்டம் அது இல்லை, கேள்வி கேட்ட கூட்டம்.

அந்தக் கூட்டத்தைப் பற்றியும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. என்னோடு ஆபீஸில் இருந்த காகா, "ஏழு குண்டு வெடிச்சப்போ இவங்கல்லாம் எங்க போனாங்க?" என்று கேட்டார். ஹோட்டலுக்கு வந்ததும்தான் சிலருக்கு வலித்தது என்று அவர் நினைப்பு. பாதி ஒத்துக்கொள்கிறேன். மறு பாதியில், லோக்கலில் அடிபட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் வந்து நின்றார்கள், அதையும் பார்த்தேன்.

17 ஏப்ரல்

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், "எங்கள் ஊரிலும் 58 பேர்தான்" என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். 1998 பிப்ரவரி 14. ஆர்.எஸ். புரத்தில் அத்வானி பேச இருந்த நாள். கடைவீதி, ஸ்டேஷன், ஆஸ்பத்திரி என்று ஊர் முழுக்க வெடித்தது. அதற்கு இரண்டரை மாதம் முன்னால் ஒரு போக்குவரத்துக் காவலர் கொலை, அதைத் தொடர்ந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் செத்தது, எல்லாம் சேர்ந்த கதை அது.

அண்ணா, ஒரே வரியோடு நிறுத்த வேண்டாம். தனி இழை தொடங்குங்கள், வந்து படிக்கிறேன். அதற்குக் கீழே "எது பெரியது" என்று வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும் இருவரும் தயவுசெய்து வேறு வேலை இருந்தால் பாருங்கள்.

19 ஏப்ரல்

"டெல்டா வெள்ளம் அதே நாளில் வந்ததே, ஊரில் யாரும் உங்களைக் கேட்கவில்லையா?" நல்ல கேள்வி. இதை யாருமே சேர்த்துப் பேசுவதில்லை.

நிஷா புயல். நவம்பர் 27 காலை காரைக்கால் பக்கம் கரையைக் கடந்தது. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. மழை. எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். சம்பாப் பயிர் மொத்தமும் தண்ணீருக்குள். புதன்கிழமையே கரண்ட் போய்விட்டது. ஆக, நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மும்பையில் ஒன்று நடந்ததே தெரியாது. அப்பாவின் செல்போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டு பி.எஸ்.என்.எல். போனும் மௌனம்.

நான் ஃபோர்ட்டில் தரையில் உட்கார்ந்து அவர்களுக்கு அடிக்கிறேன், போகவில்லை. என் சொந்தத் தம்பி சென்னையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு எனக்கும் அடிக்கிறான், ஊருக்கும் அடிக்கிறான். எனக்குக் குண்டு பயம் ஒரு பக்கம், கூரை விழுந்திருக்குமோ என்று ஒரு பக்கம். ஆபீஸில் இருந்தவர்களிடம் "எங்கள் ஊரில் புயல்" என்று சொன்னேன். அக்கவுண்டண்ட் என்னை ஒரு மாதிரி பார்த்தார், இந்த நேரத்தில் இவள் வானிலை பேசுகிறாளே என்று.

ஊருக்கு லைன் கிடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா எடுத்த எடுப்பில் வரப்பு உடைந்தது, மாட்டைக் கோயில் திண்ணையில் ஏற்றிக் கட்டியது, அரிசி நனைந்தது எல்லாம் சொல்லி முடித்து, "அங்க மழை எப்படிடி?" என்றாள். நல்லா வெயில் அடிக்குதும்மா என்றேன். வேறு எதுவும் அன்று சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து யாரோ டீக்கடையில் சொல்லித் தெரிந்து, ஏன் சொல்லவில்லை என்று திட்டினாள். இன்றுவரை திட்டுகிறாள்.

20 ஏப்ரல்

வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுதாமல் போனால் இந்த இழையே வீண். எனக்கு நிஜமாகப் பயம் வந்தது அன்றுதான்.

வியாழக்கிழமை காலை வெளிச்சம் வந்ததும் காகா கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து, லோக்கல் ஓடுகிறது என்றார். வி.டி.க்கு நடந்தே போனோம். போலீஸ், கழுவிய தரை, ஒரு கடையின் ஷட்டரில் துளைகள். வெளியூர் ஹால் பக்கம் நான் திரும்பவில்லை. ஹார்பர் லோக்கலில் லேடீஸ் பெட்டியில் நானும், ராத்திரி டூட்டி முடித்த ஒரு ஆஸ்பத்திரி ஆயாவும்தான். அவர் எதுவும் பேசவில்லை, தூங்கிவிட்டார். நானும் ஏதோ இயந்திரம் மாதிரி வீடு வந்து, குளித்து, படுத்து, எழுந்து டிவி பார்த்தேன். எல்லாரையும் போல நானும் தாஜையே பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை கப்பல் கட்-ஆஃபுக்காகப் போனேன். ஷேர் மார்க்கெட்டும் அன்று திறந்துவிட்டது, கூட்டம் ஓரளவு இருந்தது. தாஜிலும் ஓபராய் ஹோட்டலிலும் யூதர்களின் மையமான நாரிமன் ஹவுஸிலும் இன்னும் சண்டை நடந்துகொண்டுதான் இருந்தது. வேலையின் நடுவில் திடீரென்று சந்தெல்லாம் ஓட்டம். வி.டி.யில் மறுபடியும் சுடுகிறார்கள்! யார் சொன்னது? எல்லாரும் சொன்னார்கள். டிவியிலும் வந்துவிட்டது. ரயிலை நிறுத்திவிட்டார்கள். ஓடியவர்களில் ஒருவரும் சுட்டதைப் பார்க்கவில்லை, தனக்கு முன்னால் ஓடியவரைத்தான் பார்த்தார்கள்.

புதன்கிழமை என்ன நடக்கிறது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. துப்பாக்கி எப்படிச் சுடும், ஹாலில் எப்படி விழுந்தார்கள் எல்லாவற்றையும் டிவி காட்டிவிட்டது. அதனால் கால் ஓடவில்லை. படிக்கட்டில் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். வதந்தி என்று தெரிய எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. அன்று போலீஸ் சொல்லிக் கேபிள்காரர்கள் கொஞ்ச நேரம் நியூஸ் சேனல்களையே நிறுத்தினார்கள். சேனல்காரர்கள் கத்தியதும் திரும்ப வந்துவிட்டது.

21 ஏப்ரல்

கொழும்பிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார், இன்று உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்த நாள் என்று. 2019. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் பக்கத்தில் அவர் வீடாம். "எங்களுக்கு டிவி இல்லை, வாட்ஸ்அப்தான். அதையும் அரசாங்கம் முடக்கிப்போட்டது. மட்டக்களப்பில இருந்த அக்காவுக்குச் சேதி சொல்ல ஏலாமல் கிடந்தனாங்கள்" என்கிறார். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் நிறையப் பேர் இறந்தார்கள்.

சகோதரி, உங்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நேற்றுச் சேனலை நிறுத்தியது சரி என்ற நினைப்பில் எழுதினேன். உங்கள் கதையைப் படித்த பிறகு அவ்வளவு உறுதியாக இல்லை. போன் லைன் அறுந்தால் என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

23 ஏப்ரல்

காஷ்மீரில் பஹல்காம் தாக்குதல். 26 பேர் இறந்தார்கள். நேற்று மாலையிலிருந்து டிவியை அணைத்து வைத்திருக்கிறேன். இரண்டு மூன்று நாள் இங்கே வர மாட்டேன்.

27 ஏப்ரல்

வந்தேன். ஒரு செய்தி பார்த்ததால்.

ராணுவ நடவடிக்கைகளை நேரலையில் காட்டாதீர்கள் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் நேற்று சேனல்களுக்குச் சொல்லியிருக்கிறது. கார்கில் போர், கந்தஹார் விமானக் கடத்தல், 26/11 என்று மூன்று உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள். அன்று என்ன நடந்தது என்று இளையவர்களுக்குத் தெரியாது. தாஜுக்குள் இருந்தவர்களுக்குப் பாகிஸ்தானிலிருந்து போனில் வழி சொன்னவர்கள், நம் சேனல்களைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்கள். நாரிமன் ஹவுஸ் மாடியில் ஹெலிகாப்டரிலிருந்து என்.எஸ்.ஜி. கமாண்டோ வீரர்கள் இறங்கியதையே நேரலையில் காட்டினோம். கசாப் வழக்கில் 2012-இல் தீர்ப்புச் சொன்னபோது சுப்ரீம் கோர்ட் இதைக் கடுமையாகக் கண்டித்தது. அதே நவம்பரில் எரவாடா ஜெயிலில் கசாபைத் தூக்கில் போட்டார்கள், பழைய சேனல் படங்களையே அன்றும் ஓட்டினார்கள்.

கொழும்புச் சகோதரி சொன்னதையும் இதையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேமராவை நிறுத்தலாம், போனை நிறுத்தக் கூடாது. இப்போதைக்கு இவ்வளவுதான் தோன்றுகிறது. ஆனால் இப்போது போனே கேமரா ஆகிவிட்டதே என்று டோம்பிவிலி அண்ணன் கேட்பார். கேளுங்கள், என்னிடம் பதில் இல்லை.

30 ஏப்ரல்

காகாவுக்குப் போன் செய்தேன். ரிடையர் ஆகி ரத்னகிரி பக்கம் ஊரில் இருக்கிறார். இந்த இழையை மராத்தியில் சொல்லிக் காட்டினேன். நிறைய ஆட்சேபம்.

ஷட்டரை நாங்கள் இறக்கவில்லையாம். கீழே பான் கடைக்காரர்தான் வெளியிலிருந்து இழுத்துவிட்டு ஓடினாராம். அந்த ஆள் மட்டும் அப்படிச் செய்யாவிட்டால் கதை வேறு என்கிறார். நான் ராத்திரி முழுக்க முழித்திருந்ததாக எழுதியதும் பொய்யாம் (அப்படி நான் எழுதவே இல்லை). நன்றாகக் குறட்டை விட்டேனாம். பார்லே-ஜி பாக்கெட்டை அக்கவுண்டண்ட் ஒளித்துவைத்துத் தனியாகச் சாப்பிட்டார் என்பதையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டேன்.

ஷட்டர் விஷயத்தில் என் ஞாபகத்தில் காகாவின் கைதான் அதை இழுக்கிறது, சங்கிலி சத்தம்கூடக் கேட்கிறது. அவர் தன் கையே இல்லை என்கிறார். இரண்டும் இங்கே இருக்கட்டும். பான் கடைக்காரர் மறுநாளிலிருந்து கடை திறக்கவில்லை, ஊருக்குப் போய்விட்டார் என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகம் இல்லை. உ.பி.க்காரர். எழுந்து நின்ற மும்பைக் கணக்கில் அவரை யார் சேர்த்தார்கள்?

3 மே

கிரிக்கெட் பக்கம் போய்விட்டீர்கள், சரி, நானும் வருகிறேன். ஆமாம், தாக்குதலால் பாதியில் திரும்பிப் போன இங்கிலாந்து அணி டிசம்பரில் மறுபடி வந்து சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆடியது. 387 அடிக்க வேண்டும். டெண்டுல்கர் 103 நாட் அவுட், ஜெயித்தோம். அதை மும்பைக்குச் சமர்ப்பித்தார். எங்கள் ஆபீஸில் அன்று வேலையே நடக்கவில்லை, முதலாளி ரேடியோ வைக்க அனுமதித்தார். நவம்பர் அரை நாள் சம்பளத்தை அப்போது கேட்டிருக்கலாம், தோன்றவில்லை.

சேவாக் 83 அடித்திராவிட்டால் எதுவும் நடந்திருக்காது என்பவரோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

8 மே

நேற்று ஊர் முழுக்கப் போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை. கிராஸ் மைதானத்தில் சைரன், ஸ்ட்ரெச்சர், எல்லாம். என் மகள் காலேஜில் மேஜைக்கடியில் உட்கார்ந்து செல்ஃபி எடுத்து அனுப்பினாள். அதற்கு முந்தைய ராத்திரிதான் பாகிஸ்தான் மீது நம் ராணுவம் நடத்திய ஆபரேஷன் சிந்தூர். மன்னார்குடியிலிருந்து அம்மா விடியற்காலையே போன் செய்துவிட்டாள். இந்தத் தடவை அவள் வீட்டில் கரண்ட் இருந்தது, எனக்கு முன்னால் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வீட்டில் அரிசி பருப்பு இருக்கிறதா, கேஸ் இருக்கிறதா என்று கேட்டாள்.

கேள்வி கேட்ட தம்பி இப்போது கருத்தைக் கொஞ்சம் தளர்த்தி, "சரி அக்கா, பாதி தைரியம், பாதி சம்பளம், ஒத்துக்கிறீங்களா?" என்று எழுதியிருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாதி தைரியத்தை ஜெண்டே கணக்கில் எழுதுங்கள், என் கணக்கில் வேண்டாம்.

சைரன் கேட்டால் லிஃப்டில் ஏறலாமா என்று கேட்டவருக்கு: ஏறாதீர்கள், படிக்கட்டில் இறங்குங்கள். வெளியூர் ஹாலில் இப்போது பை சோதிக்கும் இயந்திரம் வேலை செய்கிறதா என்று கேட்டவருக்கு: போன மாதம் நான் போனபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் இருந்த காவலர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.